குறிஞ்சிப்பிட்டியில் ஒரு கோச்சி: பழைய பொருளுக்கு நியாய விலை எது?

கற்பிட்டிக் குடாநாட்டுக்குள் ரயில் ஒருநாளும் நுழைந்ததில்லை. றாகமையில் பிரிந்த கிளைப்பாதை 1909 இல் நீர்கொழும்பை அடைந்தது. 1916 இல் சிலாபத்தை எட்டியது. 1926 இல் புத்தளம் வந்து சேர்ந்தது. அதற்கு அப்பால் வடக்கே நீண்டதெல்லாம் அறுவாக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஏற்றிவரும் பாதைதான். பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் உள்ள ஊர்களுக்குத் தண்டவாளம் என்பது அயலூர்ப் பொருள். நுரைச்சோலையில் 2011 இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரிகூடக் கடல் வழியாகவே வந்து இறங்குகின்றது. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், இடையே மணலும் தென்னையும் கொண்ட அந்நிலப்பரப்பில் பிறந்த பிள்ளைகள் ரயில் பார்க்க வேண்டுமென்றால் பாலாவிக்கோ புத்தளத்துக்கோ போயாக வேண்டும்.

ஆயினும் ரயிலுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. இலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் பேச்சில் வழங்கும் 'கோச்சி' என்ற சொல்தான் அது. சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல். ஆங்கிலேயர் 'கோச்' என்று சொன்னது பெட்டியை. நாம் முழு வண்டிக்கும் அதைப் பெயராக்கிக்கொண்டோம்.

ரயில் வராத இந்தக் கரையில், குறிஞ்சிப்பிட்டியில் ஒரு வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக ஒரு கோச்சி இருந்தது. கைக்கு அடங்கும் தகரக் கோச்சி. அதை விற்கும் நிலை வந்தபோது எழுந்த கேள்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இரண்டு விலைகள்

நான் நாளிதழில் பிரதேசச் செய்திப் பக்கங்களைக் கவனித்த காலத்தில், அவ்வப்போது ஊர்ச் செய்திகளை அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பிவந்த ஆசிரியர் ஒருவர் குறிஞ்சிப்பிட்டியைச் சேர்ந்தவர். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். அவருடைய தந்தையார் 1950களில் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்குத் திரும்பிய காலம் அது. அப்படிப் போன ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, மகனுக்கென்று அவர் எடுத்துவந்த பொருள்தான் அந்தக் கோச்சி. ஒரு சிவப்பு இஞ்சின், சில பெட்டிகள், வளைத்துப் பூட்டினால் வட்டமாகும் தண்டவாளத் துண்டுகள், ஒரு மட்டைப்பெட்டி. சாவி முறுக்கிவிட்டால் ஓடும். பின்னாளில் சாவி தொலைந்தது. கோச்சி அலுமாரிக்கு ஏறியது.

ஆசிரியரின் பேத்தி ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். தங்குமிடம், பயணம், மடிகணினி என்று செலவு நீண்டது. அப்போதுதான் அலுமாரியின் மேல்தட்டு நினைவுக்கு வந்தது. பழம்பொருள் வாங்குவதற்காகப் புத்தளம் பக்கம் வந்துபோகும் ஒரு வியாபாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நாலாயிரம் ரூபா என்றார். இலண்டனில் இருக்கும் மருமகனோ இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, ஒருத்தருக்கும் கொடுத்திடாதீங்க, இது அஞ்சு லட்சத்துக்குப் போகும்" என்று தொலைபேசியில் சொன்னார்.

ஆசிரியர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஒரே சாமானுக்கு நாலாயிரமும் விலை, அஞ்சு லட்சமும் விலையென்றால் என்ன அர்த்தம்? ரெண்டு பேரில் யார் பொய் சொல்றது?"

எவரும் பொய் சொல்லவில்லை என்பதே என் கருத்து. வியாபாரி சொன்னது தாம் வாங்க விரும்பிய விலை. மருமகன் சொன்னது எவரோ ஒருவர் விற்க விரும்பிய விலை. இரண்டும் விருப்பங்களே. விலை என்பது இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றது. அதைக் கண்டறிய வேண்டுமானால் முதலில் அப்பொருளின் வரலாற்றை அறிய வேண்டும்.

லிவர்பூலிலிருந்து வந்த தகரம்

விளையாட்டு ரயில்கள் நிஜ ரயில்களின் நிழலாகவே தோன்றின. தொடக்கத்தில் அவை தனித்தனிப் பொம்மைகள். தண்டவாளம் இல்லாமல் தரையில் உருட்டப்பட்டவை. ஜெர்மனியின் கேப்பிங்கன் நகரில் 1859 இல் தோன்றிய மார்க்லின் நிறுவனம் 1891 இல் லைப்சிக் வணிகச் சந்தையில் ஒரு புதுமையைக் காட்டியது. இன்று ஒரு தொகுதி வாங்கினால், அடுத்த ஆண்டு மேலும் பெட்டிகளையும் தண்டவாளத் துண்டுகளையும் வாங்கி அதனுடன் இணைக்கலாம். அதற்காகத் தண்டவாள அகலங்களுக்கு இலக்கங்கள் இடப்பட்டன. பொம்மை என்ற நிலை மாறி, ஆண்டுதோறும் வளரும் 'தொகுதி' என்ற நிலை வந்தது. பிள்ளைகளின் பிறந்தநாள்கள் வியாபாரத்தின் நாட்காட்டியாயின. நியூரம்பேர்க்கின் பிங் நிறுவனமும் இத்தொழிலில் பெரும்பெயர் பெற்றது. இங்கிலாந்தில் நோர்தாம்ப்டன் நகரத்து பாசட்-லோக், ஜெர்மானியத் தயாரிப்புகளைப் பிரித்தானிய ரயில்களின் சாயலில் செய்வித்து விற்றார்.

முதல் உலகப்போர் ஜெர்மானியப் பொம்மைகளுக்குப் பிரித்தானியச் சந்தையை மூடியது. அந்த இடத்துக்கு வந்தவர் லிவர்பூல்காரரான பிராங்க் ஹோர்ன்பி. துளையிட்ட உலோகத் தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு பிள்ளைகள் தாமே பாலமும் பாரந்தூக்கியும் கட்டும் விளையாட்டுக்கு 1901 இல் காப்புரிமை பெற்றவர் அவர். பின்னர் உலகப் புகழ்பெற்ற 'மெக்கானோ' அதுவே. 1920 இல் அவருடைய பெயரில் முதல் ரயில்கள் வெளிவந்தன. அவற்றின் தண்டவாள அகலம் 32 மில்லிமீற்றர். 'ஓ' அளவு என்று அழைக்கப்படுவது. சாவி முறுக்கினால் ஓடும் வகையே பெரும்பான்மை. 1925 இல் மின்சாரத்தில் ஓடும் வகையும் வந்தது. 1938 இல், ஹோர்ன்பி மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின், அதில் ஏறத்தாழப் பாதி அகலமான 16.5 மில்லிமீற்றர்த் தண்டவாளத்தில் ஓடும் 'டப்ளோ' வகை அறிமுகமாயிற்று. மேசை மேலேயே முழு ரயில்வேயையும் அமைக்க முடிந்தது.

அக்காலத்து விலைப்பட்டியல் சமூக வரலாற்று ஆவணம். 1937 இல் ஹோர்ன்பி வெளியிட்ட 'பிரின்சஸ் எலிசபெத்' என்ற பெரிய மின்சார இஞ்சினின் விலை ஐந்து கினி, அதாவது ஐந்து பவுண் ஐந்து ஷில்லிங். உழைப்பாளி ஒருவரின் ஒருவாரக் கூலியையும் மிஞ்சிய தொகை. எனவே அதை வாங்கியவர்கள் குறைவு. வாங்கியவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதே நிறுவனத்தின் சாவி முறுக்கும் சிறிய நான்கு சக்கர இஞ்சின்களோ நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானவை. வீட்டுக்கு வீடு இருந்தன.

இரண்டாம் உலகப்போரின்போது பொம்மை உற்பத்தி நின்றது. தொழிற்சாலை போர்த் தளபாட உதிரிகளைச் செய்தது. போருக்குப் பின் நிறுவனத்தின் கவனம் டப்ளோவின் பக்கம் திரும்பியது. 'ஓ' அளவில் பெரிய இஞ்சின்கள் மீண்டும் செய்யப்படவில்லை. நான்கு சக்கரச் சிறு இஞ்சின்களே தொடர்ந்தன. குறிஞ்சிப்பிட்டி அலுமாரியில் இருந்தது அவற்றில் ஒன்று. 101 என்ற இலக்கமுள்ள, தண்ணீர்த் தாங்கி இஞ்சினோடு சேர்ந்த வகை. எல்.எம்.எஸ். என்ற பிரித்தானிய ரயில் கம்பனியின் கருஞ்சிவப்பு நிறமும் எழுத்தும் அதில் இருந்தன. அந்தக் கம்பனி 1948 இல் அரசுடைமையானது. ஆகவே அந்த நிறத்தை வைத்து இஞ்சின் ஏறத்தாழ எக்காலத்தது என்று சொல்ல முடிந்தது.

மருமகன் இணையத்தில் கண்டது வேறொரு பொருள். போருக்கு முந்திய பெரிய மின்சார இஞ்சின். பெயர் ஒன்று, நிறம் ஒன்று. ஆனால் பொருள் வேறு.

இங்கே அரிது, அங்கே மலிவு

ஆசிரியர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "இலங்கையில் இப்படியொரு கோச்சி இன்னொரு வீட்டில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லையே, அதற்கு மதிப்பில்லையா?"

இலங்கையில் அவை அரிதாகக் கிடைப்பதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 1960களின் தொடக்கத்திலிருந்து இறக்குமதிகள் இறுக்கிப் பிடிக்கப்பட்டன. அரிசிக்கும் சீனிக்கும் கூப்பன் பிடித்த நாட்டில் விளையாட்டு ரயிலுக்கு எவர் அனுமதிப் பத்திரம் தருவார்? 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபோது உள்ளே வந்தவை ஆசியத் தொழிற்சாலைகளின் பிளாஸ்டிக் பொம்மைகள். ஆகவே இலங்கை வீடுகளில் தகர ரயில் இருந்தால் அது பெரும்பாலும் 1960க்கு முந்தியதாகவே இருக்கும். அப்படி இருக்கும் வீடுகளும் மிகச் சில.

ஆனால் அரிது என்பது விலையின் ஒரு பாதிதான். வேண்டும் என்பவர் எத்தனை பேர் என்பது மறுபாதி. ஹோர்ன்பித் தகர ரயிலைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கிறார்கள். அங்கே 101 இலக்கத் தொகுதி அரிதன்று. இலங்கையில் அரிதாயிருப்பது இலண்டன் ஏலதாரருக்கு ஒரு பொருட்டன்று.

வேண்டுபவர்களின் தொகையும் காலத்தோடு மாறியது. மெக்கானோ நிறுவனத்தை அதன் போட்டியாளரான லைன்ஸ் சகோதரர் நிறுவனம் 1964 இல் கைப்பற்றியது. 1971 இல் லைன்ஸ் நிறுவனமே வீழ்ந்தது. லிவர்பூல் பின்ஸ் வீதித் தொழிற்சாலை 1979 இல் மூடப்பட்டது. ஒரு பொருளின் உற்பத்தி நின்ற பிறகே அதைச் சேகரிப்பது சூடுபிடிக்கும் என்பது பொதுவிதி. ஹோர்ன்பி ரயில் சேகரிப்போர் சங்கம் 1969 இல் உருவானது. சிறுவயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏக்கத்தோடு பார்த்தவர்கள், நாற்பது ஐம்பது வயதில் கையில் பணம் வந்ததும் வாங்கத் தொடங்கினார்கள். விலை ஏறியது. இன்று அந்தத் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்களின் சேகரிப்புகளே ஏலத்துக்கு வருகின்றன. வாங்குபவரைவிட விற்பவர் கூடும்போது சாதாரண வகைகளின் விலை இறங்குவது இயல்பு. மார்க்லின் நிறுவனமே தன் 150 ஆவது ஆண்டான 2009 இல் கடன்தீர்க்க முடியாத நிலைக்கு வந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2013 இல்தான் வேறொரு பொம்மை நிறுவனம் அதை வாங்கியது.

எனவே "பழையது, ஆகவே விலை உயர்ந்தது" என்ற நம் ஊர் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. சேகரிப்பாளர்கள் வயதைப் பார்ப்பதில்லை, நிலையைப் பார்க்கிறார்கள். முதலில் அசல் வண்ணப்பூச்சு. அழகுபடுத்துவதாக எண்ணி மீண்டும் வண்ணம் பூசினால் மதிப்பு இறங்கிவிடும். அடுத்தது அசல் மட்டைப்பெட்டி. பிள்ளைகள் முதல் நாளிலேயே கிழித்தெறிந்தது பெட்டியைத்தான். ஆகவே எஞ்சியிருப்பவை குறைவு. சில வேளைகளில் வெறும் பெட்டிக்கே தனி விலை உண்டு. மூன்றாவது, உலோகத்தின் உடல்நலம். போருக்கு முந்திய காலத்து வார்ப்புப் பாகங்கள் சிலவற்றில் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டதால், பல ஆண்டுகளுக்குப் பின் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகிவிடும். ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். தகரத்துக்கோ உப்புக்காற்று எமன். களப்புக்கும் கடலுக்கும் நடுவே எழுபது ஆண்டுகள் இருந்த தண்டவாளத் துண்டுகள் துருப்பிடித்திருந்தன. அலுமாரிக்குள் மட்டைப்பெட்டிக்குள் துணி சுற்றி வைக்கப்பட்டதால் இஞ்சின் தப்பியது.

நியாய விலை என்ற பழைய கேள்வி

பொருளின் வரலாறு இவ்வளவு. ஆனால் 'நியாயம்' என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்தக் கரையோர மக்களுக்கு அது புதிதன்று.

பொருள் ஏற்றிச் சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை நகருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் தடுத்தார் என்பது நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெறும் செய்தி. காரணம் வெளிப்படை. சந்தை விலை வாங்குபவனுக்குத் தெரியும்; வழியில் நிற்கும் விற்பவனுக்குத் தெரியாது. விற்பவனின் அறியாமையை இலாபமாக்குவது வியாபாரமன்று என்ற கோட்பாடு அதில் இருக்கின்றது. ஆசிரியரிடம் இதை நான் சொல்லத் தொடங்கியபோது, மீதியை அவரே சொல்லி முடித்தார்.

கற்பிட்டியில் இன்றும் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டை 1667 முதல் 1676 வரையான ஆண்டுகளில் கட்டப்பட்டது. ஒல்லாந்தர் கோட்டையோடு தம் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். ரோமன் டச்சுச் சட்டம் இலங்கையின் பொதுச் சட்டமாக இன்றும் வாழ்கிறது. அதில் ஒரு பழைய விதி உண்டு. உண்மையான பெறுமதியின் பாதிக்கும் குறைவான விலைக்கு, அந்தப் பெறுமதியை அறியாமல் விற்றவர், அந்த விற்பனையை மாற்றக் கோரலாம் என்பது. ஜஸ்டினியன் பேரரசனின் சட்டத் தொகுப்பில் டயோக்ளீஷியன் பெயரால் இடம்பெற்ற விதி அது. இலங்கையில் பெரும்பாலும் காணி வழக்குகளிலேயே அது பேசப்படுகின்றது. தென்னாப்பிரிக்கா 1952 இல் அவ்விதியை நீக்கிவிட்டது, நாம் வைத்திருக்கிறோம். விலைபேசுவது இருவரின் சுதந்திரம் என்ற கொள்கைக்கு ஒரு எல்லை உண்டு என்பதை ரோமானியர் உணர்ந்திருந்தனர்.

அண்மைக்காலப் பொருளியலும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. வாங்குபவரும் விற்பவரும் சமமாக அறியாத சந்தை எப்படிக் கெடுகிறது என்பதைப் பழைய மோட்டார் கார்களை உதாரணமாகக் காட்டி ஜோர்ஜ் அகர்லோவ் 1970 இல் எழுதினார். 2001 இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இதைவிட நம் கரைக்கு நெருக்கமான சான்று கேரளத்தில் உண்டு. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கரையோரத்தில் செல்பேசி பரவியபோது மத்தி மீன் சந்தைகளில் என்ன நடந்தது என்பதை ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டார். கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டறிய முடிந்ததும், துறைக்குத் துறை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது. வாங்க ஆளின்றி மீன் வீணாவது நின்றது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 வீதம் கூடியது. வாங்கியவர் கொடுத்த விலையோ 4 வீதம் குறைந்தது. விவரம் பரவினால் ஒருவர் இலாபம் மற்றவர் நட்டம் என்றாவதில்லை. இருவருக்கும் நன்மை உண்டு.

குறிஞ்சிப்பிட்டிக் கரையில் வள்ளம் இழுப்பவர்களுக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கரையில் சொல்லப்படும் விலையையும் பேலியகொடை மொத்தச் சந்தை விலையையும் அவர்கள் நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஐஸும் லொறிக்கூலியும் தரகும் கழித்தபின் எஞ்சுவது என்ன என்பதும் அவர்களுக்கு மனக்கணக்கு. மீனுக்குத் தெரிந்த இந்தக் கணக்கைக் கோச்சிக்கும் போட்டால் போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விவரம் மட்டும் போதாது, அவகாசமும் வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மன்னார்த் தீவைச் சேர்ந்தவர்கள் வள்ளங்களில் வந்து இறங்கியது இந்தக் கற்பிட்டிக் கரையில்தான். தாம் விட்டுவந்த பொருட்களின் பெறுமதி அவர்களுக்குத் தெரியாததன்று. விலைபேச நாள் இருக்கவில்லை; பேசவும் எதிரில் ஆள் இருக்கவில்லை. நெருக்கடியில் விற்பவனுக்கு நியாய விலை இல்லை என்பதை அக்கரை மக்கள் வீட்டு வாசலிலேயே கண்டவர்கள். ஆகவே ஆசிரியருக்கு நான் சொன்ன முதல் ஆலோசனை, பல்கலைக்கழகம் தொடங்கும் நாளை மனதில் வைத்து விற்காதீர்கள் என்பதே. முதல் மாதச் செலவுக்கு வேறு வழி பாருங்கள், கோச்சிக்கு ஆறு வாரம் கொடுங்கள் என்றேன்.

கணக்கு எப்படி முடிந்தது

செய்தவை எளியவை. வாசகர்களில் எவருக்கேனும் பயன்படலாம் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், துடைக்கவோ எண்ணெய் பூசவோ வண்ணம் தீட்டவோ கூடாது என்று வீட்டாருக்குச் சொல்லப்பட்டது. அடுத்து, பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுக்கப்பட்டது. இஞ்சினின் அடிப்பக்கம், பெட்டியின் உட்புறம், எழுத்துகள், இலக்கங்கள், துரு, கிழிசல் எல்லாம். குறையை மறைத்து எடுத்த படம் பின்னால் விலையைக் குறைக்கவே உதவும். மூன்றாவதாக, இலண்டன் மருமகனிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்க வேண்டாம்; விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி அங்கே உண்டு, அதைப் பாருங்கள் என்று சொன்னோம். பொம்மைகளுக்கென்றே ஏலம் நடத்தும் நிறுவனங்களும் தம் முடிந்த விலைகளை வெளியிடுகின்றன. கேட்கும் விலை ஆசை. முடிந்த விலையே சான்று.

அவர் ஒழுங்காகச் செய்தார். அவர் திரட்டிய பட்டியலில், பெட்டியோடு நல்ல நிலையில் இருந்த 101 தொகுதிகள் நூறு பவுணை ஒட்டியும் அதற்குக் கீழும் போயிருந்தன. ஐந்து இலட்சம் என்று சொன்ன அதே வாயால், "மாமா, நம்மட கோச்சி அறுபது பவுணுக்கு மேல போறது கஷ்டம்" என்று அவரே சொன்னார். சாவி இல்லை, தண்டவாளம் துரு, பெட்டியின் ஒரு மூலை கிழிந்தது. பவுண் ஒன்றுக்கு ஏறத்தாழ நானூறு ரூபா என்று வைத்தால் இருபத்துநாலாயிரம். பிரித்தானியாவுக்கு அனுப்பி ஏலத்தில் விடுவதென்றால் அஞ்சற்கூலி, ஏலக்காரரின் தரகு, வழியில் உடையும் அபாயம் எல்லாம் சேர்ந்து பாதிக்கு மேல் தின்றுவிடும். ஆகவே உள்ளூரில் வாங்குபவர் இருபதாயிரத்தைச் சுற்றிக் கொடுத்தால் அது இருவருக்கும் நியாயம் என்ற முடிவுக்கு வந்தோம்.

முதலில் வந்த வியாபாரியிடமே இந்தப் பட்டியல் காட்டப்பட்டது. நாலாயிரம் உடனே பதினையாயிரம் ஆயிற்று. தகரம் மாறவில்லை, விற்பவருக்குத் தெரிந்தது மட்டுமே மாறியிருந்தது. கொழும்பில் பழைய ரயில்களில் ஈடுபாடுள்ள ஒருவர் இரு வாரம் கழித்து நேரில் வந்து, துருவையும் கிழிசலையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இருபத்தீராயிரம் ரூபாவுக்கு எடுத்துச் சென்றார். மடிகணினிக்கு அது போதவில்லை. பேத்தியின் தங்குமிட முற்பணத்துக்கும் மெத்தைக்கும் ஒலுவிலுக்கான பயணத்துக்கும் போதுமாக இருந்தது.

ஆசிரியர் அதில் ஏமாற்றமடைந்தாரா என்று கேட்டேன். "அஞ்சு லட்சம் கனவு. நாலாயிரம் அநியாயம். இது கணக்கு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

விலைக்குள் அடங்காதது

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும் ஒன்று மிஞ்சுகின்றது. அந்த இருபத்தீராயிரத்துக்குள் புறக்கோட்டை விற்பனையாளரின் பாசம் அடங்கவில்லை. அடங்க வேண்டியதும் இல்லை. வாங்குபவர் அதற்குப் பணம் கொடுப்பதில்லை. கொடுக்கச் சொல்வதும் நியாயமன்று. குடும்ப நினைவை விலையோடு சேர்த்துக் கேட்பதனாலேயே நம்மில் பலர் பழைய பொருளை விற்கவும் முடியாமல், பேணவும் முடியாமல், கடைசியில் போத்தல் பேப்பர்காரரிடம் நிறைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக் கோச்சிக்கு மட்டுமன்று, நாட்டின் கோச்சிக்கும் இதுவே நடந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்ட குறும்பாதை 1940களில் கட்டங்கட்டமாக மூடப்பட்டது. இன்று அங்கே தண்டவாளம் இல்லை. 1990 இல் யாழ்தேவி நின்றபின் வடக்கின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பிடுங்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையும் சுவருமாயின. 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ரயில் ஓடியபோது அது முற்றிலும் புதிய பாதை. அதே ஆண்டு டிசம்பரில் கடுகண்ணாவையில் ரயில்வே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே சேர்ந்தவை தப்பின. சேராதவை இரும்பின் விலைக்குப் போயின, அல்லது விலையே இல்லாமல் போயின.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இறுதியாக ஒன்று. ஊரில் இருக்கும் பெரியவர்கள் பழைய பொருளொன்றைப் பற்றி உங்களிடம் கேட்டால், இணையத்தில் கண்ட முதல் எண்ணைத் தொலைபேசியில் சொல்லிவிடாதீர்கள். அரை மணி நேரம் ஒதுக்கி, விற்று முடிந்த விலைகளைத் தேடிச் சொல்லுங்கள். உங்கள் ஒரு சொல் அங்கே ஒரு குடும்பத்தின் ஆறு மாத எதிர்பார்ப்பாகிவிடும். விற்பதற்கு முன், அப்பொருள் வீட்டுக்கு வந்த கதையை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். யார் கொண்டுவந்தார், எந்த ஆண்டு, எந்தத் தெருவிலிருந்து என்பன போதும். ஒரு பிரதியை வாங்குபவரிடம் கொடுக்கலாம். சேகரிப்பாளர்கள் அதை விரும்பிக் கேட்பார்கள். மறு பிரதி வீட்டில் இருக்கட்டும்.